உட்காரவும் எழவும்

தமிழில் ‘உட்கார்’ என்ற வினை ஆணுக்கு ஒரு பொருளையும் பெண்ணுக்கு இன்னொரு பொருளையும் தருகிறது. இலக்கண நூல் எதுவும் இதைச் சொல்லாது. தெருவில் நின்று கேட்டால் தெரியும். ஆண் பதவியில் உட்காருகிறான், பஞ்சாயத்தில் உட்காருகிறான், கல்லாவில் உட்காருகிறான். நாற்காலி என்றாலே அதிகாரம். பெண் உட்கார்ந்தால் ஏதோ ஒன்று நின்றுபோய்விட்டது என்று பொருள். வயதுக்கு வந்தவளைக் குச்சுக்குள் உட்கார வைத்தார்கள். மாதத்தில் மூன்று நாள் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். கணவனைப் பிரிந்து வந்தவளை ‘அம்மா வீட்டோட வந்து உக்காந்துட்டா’ என்பார்கள். நல்ல பெண் என்று பெயரெடுத்தவளுக்குக் கிடைக்கும் பாராட்டையும் கவனியுங்கள்: பம்பரமாய்ச் சுழலுகிறாள், அவளுக்கு நிற்க நேரமில்லை. ‘குந்தித் தின்றால் குன்றும் மாளும்’ என்ற பழமொழி எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் அதை மாமனாரைப் பார்த்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த மொழியை வைத்துக்கொண்டுதான் நாம் பணியிட நலம் பற்றிப் பேசுகிறோம். ஆகவே 2021இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய ஒரு சிறு திருத்தத்தை எனக்குச் சட்டமாக மட்டும் படிக்க முடியவில்லை. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும் என்கிறது அது. ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்கள் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்பதுதான் அதற்குக் காரணம். தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்லிவிட்டது. அதற்கு ஓராண்டு முன்னால், 1947இல் வந்த கடைகள் நிறுவனங்கள் சட்டத்துக்கு அந்த எண்ணம் தோன்றவில்லை. தோன்ற 74 ஆண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்ட முனைந்தார்கள், அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. தமிழுக்கு இருக்கை கிடைப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். அந்த மொழியால்தான் சோறு தின்கிறேன். ஆனால் ஜவுளிக்கடையில் அதே தமிழைப் பேசி நாள் முழுக்கச் சேலை விரித்துக் காட்டுகிறவளுக்கு வேண்டியிருந்தது ஒரு ஸ்டூல்.

தமிழ்நாட்டுக்கு முன்பே, 2018இல், கேரளம் இந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைப்பெண்கள் இருக்கிறார்கள். தையல்காரரான விஜி அங்கே ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கியபோது முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிவறை. கழிவறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல், நீர்க்கடுப்போடு நாளை ஓட்டிய பெண்கள் அவர்கள். 2014 இறுதியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடையின் விற்பனைப் பெண்கள் கடைக்கு வெளியே உட்கார்ந்து மாதக்கணக்கில் போராடினார்கள். அதற்கு ‘இரிக்கல் சமரம்’ என்றே பெயர் விழுந்தது. உள்ளே மறுக்கப்பட்டதை வெளியே, ஊர் பார்க்கச் செய்துகாட்டினார்கள். நான் அறிந்த தெருநாடகங்களில் இவ்வளவு சுருக்கமானது வேறில்லை.

நம் பக்கத்தில் இந்தப் பெண்களைப் பற்றி ஊர் பேசியது ஒரு சினிமாவால். 2010இல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’. ரங்கநாதன் தெருக் கடைகளின் உள்பக்கத்தை அதுபோல் காட்டிய படம் அதற்கு முன் இல்லை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் படத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. கொடுமை முழுவதையும் அது ஒரு மேற்பார்வையாளனின் கையில் கொடுத்துவிடுகிறது. அவன் அடிப்பான், திட்டுவான், பெண்ணின் உடம்பில் கை வைப்பான். அவன் நல்லவனாக இருந்திருந்தால்? கடை அப்படியேதான் இருந்திருக்கும், கனி அப்படியேதான் நின்றிருப்பாள். இன்னொன்று: படத்தின் முடிவில் கனி கால்களை இழக்கிறாள். கடைக்குள் அல்ல, நடைபாதையில், ஒரு விபத்தில். ஆண்டுக்கணக்காக நின்று நின்று நரம்பு சுருண்டு கால்கள் மெதுவாகப் போவதைப் படம்பிடிக்க சினிமாவுக்குப் பொறுமை இல்லை, லாரி வேண்டியிருக்கிறது. அழுதுகொண்டே வெளியே வந்த நாமும் தீபாவளிக்கு அதே கடைக்குப் போய், நமக்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் ஐம்பது சேலையை எடுத்துப் போடச் சொன்னோம்.

உட்கார இடம் கிடைத்துவிட்டால் போதுமா? புதுக்கோட்டைக்காரிக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. இங்கே கல்குவாரிகளில் ஜல்லி உடைக்கும் பெண் நாள் முழுக்க உட்கார்ந்துதான் வேலை செய்கிறாள். வெயிலில், கல்லின் மேல், சுத்தியலோடு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவளும் அப்படித்தான். அவளுக்கு உட்கார அனுமதி தேவையில்லை, எழுந்திருக்கத்தான் தேவை. மணிக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கு அவளை இருக்கையோடு சேர்த்துத் தைத்துவிடுகிறது. எப்போது உட்கார்வது, எப்போது எழுவது, எப்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். நலம் என்பதை நான் இந்த இடத்தில்தான் தேடுகிறேன்.

1990களின் தொடக்கத்தில் இந்த மாவட்டம் அதைக் கொஞ்சகாலம் தொட்டுப் பார்த்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, குவாரிகளின் குத்தகை ஒப்பந்தக்காரர்களிடமிருந்து கல் உடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் கைமாறியது. அதே காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பி. சாய்நாத் எழுதினார். அந்தக் கட்டுரை வடக்கே எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பாடமானது. என் மாணவிகளில் பாதிப் பேருக்குத் தங்கள் பாட்டிகள் ஒரு பாடம் என்பது தெரியாது.

சைக்கிள் சீட்டும் ஓர் இருக்கைதான். பெண் தானாக ஏறி, தானாக இறங்கி, வேண்டிய இடத்தில் நிறுத்திய இருக்கை. அதனால்தான் அவ்வளவு ஆபாசப் பேச்சை அவர்கள் கேட்க வேண்டி வந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே மேல் என்றும் சொன்னார்கள். குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் என்று வேலைக்குப் போகிற பெண்கள் சைக்கிளை முதலில் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நேரமும், அப்பாவோ அண்ணனோ வந்து கொண்டுபோய் விடும் தயவும் ஒரேயடியாகக் குறைந்தன. இதற்கு யாரும் ‘பணியாளர் நலத் திட்டம்’ என்று பெயர் வைக்கவில்லை.

இப்போது பெயர் வைக்கிறார்கள். ஒரு கல்லூரியில் பெண் பணியாளர்களுக்கான மனஅழுத்த மேலாண்மைப் பயிலரங்கில் நானும் இருந்தேன். வந்திருந்த பயிற்சியாளர் எங்களைக் கண்களை மூடச் சொன்னார், மூச்சை எண்ணச் சொன்னார், காலையில் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். நல்ல மனிதர், குரலும் இதமாக இருந்தது. கண்ணை மூடியிருந்தவர்களில் கௌரவ விரிவுரையாளர்களும் உண்டு. அவர்களுக்கு ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான் சம்பளம், மே மாதம் கிடையாது. அந்த மே மாதத்தை எந்த மூச்சில் எண்ணுவது என்று பயிற்சியாளர் சொல்லவில்லை. பெண்கள் ஓய்வறைக்குப் பூட்டு இருந்தது, சாவி அலுவலகத்தில் இருந்தது, அலுவலகத்தில் இருந்தவர்கள் ஆண்கள். பயிலரங்கு முடிந்ததும் எல்லோருக்கும் சான்றிதழும் சுண்டலும் கிடைத்தன.

மூச்சுப் பயிற்சி கெடுதல் என்று சொல்லவில்லை. அழுத்தம் ஒவ்வொருத்தியின் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், வருகைப் பதிவேட்டிலும் சம்பளப் பட்டியலிலும் சாவிக்கொத்திலும் அதைத் தேட வேண்டாம் பாருங்கள், அந்த வசதியைத்தான் சொல்கிறேன். வேலை கொடுப்பவரின் கடமை இப்படித்தான் வேலை செய்பவளின் வீட்டுப்பாடமாகிறது. நம் பெண்களுக்கு இது புதிதுமல்ல. ‘நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ’ என்று வீட்டில் கேட்டதை இங்கே பவர்பாயிண்டில் பார்க்கிறாள்.

சட்டத்துக்குத் திரும்புகிறேன். அதன் வாசகத்தில் ஒரு சந்து இருக்கிறது. வேலையினூடே உட்கார வாய்ப்பு நேரும்போது பணியாளர் அதைப் பயன்படுத்திக்கொள்ள வசதியாக இருக்கை வேண்டும் என்பது அதன் கருத்து. வாய்ப்பு எப்போது நேரும், நேர்ந்துவிட்டது என்று யார் சொல்வார்கள்? சட்டம் பேசவில்லை. என் வகுப்பில் தீபாவளிக்கு முந்தின மாதம் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். கல்லூரிக் கட்டணத்துக்கும் வீட்டுக்கும் அந்தப் பணம் வேண்டும். அவர்களில் ஒருத்தியிடம் கடையில் உட்கார விடுகிறார்களா என்று கேட்டேன்.

“உக்காரலாம்மா. கஸ்டமர் இல்லாதப்ப உக்காரலாம்.”

“இல்லாத நேரம் உண்டா?”

“உண்டும்மா. அப்ப துணி மடிக்கணும்.”

பிரிவு 22-அ பற்றி இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் இதுவரை படிக்கவில்லை.

ஸ்டூல் கவுண்டருக்கு அடியில் இருக்கிறதாம். ஆய்வுக்கு வருபவர் கேட்டால் எடுத்துக் காட்டலாம். மற்ற நாட்களில் அதன் மேல் மடிக்க வேண்டிய சேலைகள். அப்படியானால் பன்னிரண்டு மணி நேரம் எப்படி நிற்கிறீர்கள் என்றதற்குப் பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். கீழ்த்தட்டில் சேலை தேடுவதுபோல ஒருத்தி குந்திக்கொள்வாளாம், இன்னொருத்தி மேலே நின்று கேமராவையும் சூப்பர்வைசரையும் பார்த்துக்கொள்வாளாம். ஆளுக்கு ஐந்து நிமிடம். தூரமான நாளில் இருப்பவளுக்குப் பத்து. யார் எத்தனை முறை குந்தினார்கள் என்பதில் இதுவரை சண்டை வந்ததில்லை என்றாள். புதிதாகச் சேருகிறவளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது விலைச்சீட்டு பார்ப்பதை அல்ல, இதைத்தானாம்.