கிட்டப்பாவின் இசைத்தட்டு: சுருதி, காலம், சுவை

நாடக மேடையில் பாடிய ஒருவரின் இசையை மதிப்பிடுவோர் மூன்றை நோக்குதல் வேண்டும்: சுருதி, காலப்பிரமாணம், சுவை. நேரிற் கேட்டவர்களுக்கு இம்மூன்றும் பாடகரிடமிருந்தே கிடைத்தன. இசைத்தட்டின் வழியே கேட்பவர்களுக்கோ முதலிரண்டும் இயந்திரத்தைக் கடந்தே வருகின்றன. அவை பிறழ்ந்தால் மூன்றாவதும் பிறழும். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் பெண்மை கலந்தது என்றும், அவர் பாட்டில் அவசரம் மிகுதி என்றும் கூறுவார் உளர். இம்முடிவுகள் பாடகரைப் பற்றியவையா, இயந்திரத்தைப் பற்றியவையா என்பது ஆராயத் தக்கது.

கிட்டப்பா 1906இல் பிறந்து 1933இல் மறைந்தவர். தமிழ்ப் பேசும்படம் தோன்றி ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. அவருடன் மேடையேறிய கே. பி. சுந்தராம்பாள் 1953இல் ‘ஔவையார்’ படத்தில் பாடினார். திரைப்படச் சுருள் நிலையான வேகத்தில் ஓடுவதாகலின், அம்மையாரின் பழைய இசைத்தட்டுகளை ஒப்பிட அது ஓரளவு துணை செய்யும். இருபத்தேழு வயதில் மறைந்த கிட்டப்பாவுக்கு அத்தகைய துணை இல்லை. இசைத்தட்டே அவர் குரலுக்குச் சாட்சி. அச்சாட்சியைச் சரியாக விசாரிக்காமல் தீர்ப்பு வழங்குதல் முறையன்று.

அக்காலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுழல வேண்டுமென்பது பொது விதி. எனினும் எல்லாத் தட்டுகளும் அவ்வேகத்திலேயே பதிவாயின என்று கொள்வதற்கில்லை. சில நிறுவனங்கள் 80 சுற்று என்றே விதித்திருந்தன. அதனினும் குறைந்த வேகங்களும் வழங்கின. தட்டு நூற்றுக்கு ஆறு பங்கு விரைந்து சுழன்றால், ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குச் செல்லும் அளவு சுருதி ஏறிவிடும். மூன்று நிமிடப் பாடல் ஏறத்தாழப் பத்து விநாடி முன்னதாகவே முடிந்துவிடும். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டியைக் கண்ட தலைமுறைக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. வில் தளர்ந்தால் பாகவதரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும்; சாவியைத் திருகினால் மீண்டும் மேலேறும். அங்கே பிழை காதுக்குத் தெரிந்தது. இன்று கணினியில் ஏற்றப்பட்ட படியிலோ பிழை தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீராக இருப்பதால், அது பிழையென்றே தோன்றுவதில்லை.

அங்ஙனமாயின் சரியான வேகத்தை அறிவதெப்படி? இத்தாலிய இசை நாடகத்தை ஆராய்வோர்க்கு அச்சிட்ட சுரக்குறிப்பு கையில் உண்டு. இன்ன பாடல் இன்ன சுருதியில் என்று இயற்றியவரே விதித்திருப்பார். அதுவும் முழுத் துணையன்று. புச்சினியின் ‘லா போயெம்’ (1896) நாடகத்தில் நாயகன் பாடும் புகழ்பெற்ற பாடலை அரைச் சுரம் இறக்கிப் பாடுவது பல பாடகர்களின் வழக்கம். குறிப்பை மட்டும் நம்பித் தட்டைச் சுழற்றினால், இறக்கிப் பாடியவரை இயந்திரத்தால் ஏற்றியவர்களாவோம்.

தமிழிசையிலோ சுருதி இயற்றியவருடையதன்று, பாடுபவருடையது. ஆகவே நமக்கு ஏடு உதவாது, ஆர்மோனியமே உதவும். தட்டில் ஒலிக்கும் ஆர்மோனியம் இரு கட்டைகளுக்கு நடுவே நின்றால் வேகத்தை ஐயுறலாம். எல்லா ஆர்மோனியங்களும் ஒரே அளவில் சுருதி சேர்க்கப்பட்டவை அல்ல என்பதையும் நினைவிற் கொண்டு, குரலின் இயல்பு, மூச்செடுக்கும் இடம், வல்லின எழுத்துகளின் அழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்தே முடிவுக்கு வருதல் வேண்டும். கமகம் பேசாது என்று 1940இல் அகில இந்திய வானொலி விலக்கிவைத்த கருவியே இங்குச் சாட்சியாக நிற்பது வியப்புக்குரியது.

மற்றொன்றையும் பிரித்தறிதல் வேண்டும். மேடையில் ரசிகர்கள் ‘ஒன்ஸ்மோர்’ கேட்க விரிந்த பாட்டு, தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது. அதற்காகப் பாடகரே காலத்தை விரைவுபடுத்தியிருக்கலாம். அவ்வாறாயின் காலம் மட்டுமே மாறும். குரலின் நிறம் மாறாது. காலமும் சுருதியும் குரலின் நிறமும் ஒருங்கே மாறினால் அது இயந்திரத்தின் செயல். முன்னது கலைஞரின் தீர்மானம், விமரிசனத்துக்கு உரியது. பின்னதற்காகக் கலைஞரைக் குறை கூறுதல் அநீதி.

தேவாமிர்தவர்ஷிணி ராகத்தில் அவர் பாடிப் பரப்பிய தியாகராஜரின் ‘எவரனி’ கீர்த்தனையைக் கருதுக. இறைவனை உலகோர் யாரென்று நிர்ணயித்தனர் என்று வினவும் பாடல் அது. விரைந்து சுழலும் படியில் பிருகாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஓசையாகின்றன, வினா வழக்காடுதலாகிறது. வேகத்தைத் தணித்துக் கேட்டால் ஒவ்வொரு சுரமும் தனித்து நிற்கிறது, கேட்பவர் தேடுபவராகிறார். வள்ளலாரின் விருத்தத்தில் இவ்வேறுபாடு இன்னும் மிகுதி. விருத்தத்துக்குத் தாளக் கட்டில்லை. மூச்சே அதன் காலம். மூச்சைக் குறுக்கிவிட்டால் உருக்கம் எங்கிருந்து வரும்?

ஐந்து கட்டைக்கு மேல் பாடியவர் என்னும் பெருமையை இவ்வாராய்ச்சி குறைத்துவிடும் என்று ரசிகர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டுவதற்கு உயர்ந்த சுருதி தேவைப்பட்டது. அவ்வுயரத்திலும் சொல் சிதையாமல், ராகம் கலங்காமல், உருக்கம் குறையாமல் பாடியதே கிட்டப்பாவின் பெருமை. அரைக் கட்டை இறங்குவதால் அது இறங்காது. பொய்யாக ஏற்றிய அரைக் கட்டையோ அவ்வுருக்கத்தையே மறைக்கிறது.

தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றில் பழைய தட்டுகள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைக் கணினியில் ஏற்றுவோர் தட்டின் எண்ணையும், சுழற்றிய வேகத்தையும், ஒலித்த கட்டையையும் குறித்து வைப்பாராக. அவ்வொரு வரிக் குறிப்பு இருந்தால், பின்வருவோர் இயந்திரத்தின் பிழையைக் களைந்து பாடகரின் குரலைக் கேட்பர்.