மேற்கோள் பட்டியலில் தொலையும் பெயர்கள்

ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் உள்ள மேற்கோள் பட்டியலை நம்மில் பலர் படிப்பதே இல்லை. ஆனால் கட்டுரையின் நம்பகத்தன்மை அங்கேதான் சோதிக்கப்படுகிறது. 'இதை இன்னார், இன்ன ஆண்டில், இன்ன இதழில் நிறுவியிருக்கிறார். ஐயமிருந்தால் போய்ப் பாருங்கள்' என்று கட்டுரையாளர் வாசகருக்குக் கொடுக்கும் முகவரி அது. முகவரி பிழையானால் கடிதம் போய்ச் சேராதன்றோ? இன்று இம்முகவரிகளைப் பெரும்பாலும் கணிப்பொறி மென்பொருள்களே எழுதித் தருகின்றன. அவை எவ்வளவு சரியாக எழுதுகின்றன, பிழை நேர்ந்தால் அதை எந்த இடத்தில் திருத்துவது என்பதை இங்கு ஆராய்வோம்.

வான்கூவர் தந்த ஒழுங்கு

1978-ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரில் பொது மருத்துவ இதழ்கள் சிலவற்றின் ஆசிரியர்கள் கூடினார்கள். அதற்கு முன் ஒவ்வோர் இதழும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. ஓர் இதழ் ஏற்காத கட்டுரையை வேறோர் இதழுக்கு அனுப்ப வேண்டுமானால், பட்டியல் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தாக வேண்டும். இத்தொல்லையை ஒழிக்க அவர்கள் வகுத்த பொது விதிகள் 1979-இல் வெளியாயின. மேற்கோளின் வடிவத்தை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் உருவாக்கித் தந்தது. இதுவே 'வான்கூவர் நடை' எனப்படுகிறது.

விதிகள் எளியவை. மேற்கோள்கள் கட்டுரையில் வரும் வரிசைப்படி 1, 2, 3 என எண் பெறும். பட்டியலில் ஆசிரியரின் குடும்பப் பெயர் முதலிலும், புள்ளியில்லாத தலைப்பெழுத்துகள் அதன் பின்னும் நிற்கும். ஆறு பேருக்கு மேற்பட்டால் முதல் அறுவரை மட்டும் எழுதி 'மற்றும் பிறர்' என முடிக்கலாம். பின்னர் கட்டுரைத் தலைப்பு, இதழின் சுருக்கப் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம். அவ்வளவே. தட்டச்சுப் பொறிக் காலத்தில் இது பெரிய சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை.

சென்னை ஆய்வுக்கு நேரும் கதி

இனி ஓர் உண்மையான மேற்கோளை எடுத்துக்கொள்வோம். 1956-இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பதும், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதும் எவ்வாறு பயனளிக்கின்றன என்று அம்மையம் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டுச் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்கு ஏறக்குறைய நிகரான பலன் தருவதை அது காட்டியது. அவ்வறிக்கை உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில், 1959-இல், 21-ஆம் தொகுதியில், 51 முதல் 144 வரையிலான பக்கங்களில் வெளிவந்தது. காசநோய்ச் சிகிச்சை பற்றிய உலகத்தின் எண்ணத்தையே மாற்றிய ஆய்வு அது.

இவ்வறிக்கைக்கு ஆசிரியர் யார்? தனி மனிதர் அல்லர். 'டியூபர்குளோசிஸ் கீமோதெரபி சென்டர்' என்ற நிறுவனமே ஆசிரியர். ஆனால் மென்பொருளில் ஆசிரியர் பெயருக்கு இரு கட்டங்கள் உள்ளன. ஒன்று குடும்பப் பெயருக்கு, மற்றொன்று முதற்பெயருக்கு. நிறுவனத்தின் பெயரை யோசியாமல் உள்ளிட்டால், கடைசிச் சொல்லை அது குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. பட்டியலில் 'சென்டர் டிசி' என்று அச்சாகிறது. 'சென்டர்' என்னும் குடும்பத்தில் பிறந்த 'டி.சி.' என்ற ஒருவர் காசநோயை ஆராய்ந்தார் என்று வாசகர் எண்ணினால் குற்றம் அவருடையதன்று! வேடிக்கையாகத் தோன்றினாலும் விளைவு வேடிக்கையன்று. உலகறிந்த சாதனை ஒன்றிலிருந்து அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் மறைந்துபோகிறது.

தனி மனிதர்களின் பெயர்களும் தப்புவதில்லை. அதே மையம் நோயாளிகளின் குடும்பத்தாரைப் பற்றி 1960-இல் வெளியிட்ட கட்டுரையின் ஆசிரியர்களுள் வாலஸ் ஃபாக்ஸ் ஒருவர், எஸ். வேலு மற்றொருவர். 'ஃபாக்ஸ் டபிள்யூ' என்று எழுதுவதில் மென்பொருளுக்குச் சிக்கலே இல்லை. 'எஸ். வேலு' என்று கொடுத்தால் 'வேலு எஸ்' எனச் சரியாக வரும். ஆனால் இன்று நம் மாணவர்கள் பலர் சான்றிதழில் உள்ளபடி தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால் எழுதுகிறார்கள். அவ்வாறு 'வேலு எஸ்' என்று கொடுத்தால், 'எஸ்' குடும்பப் பெயராகிவிடும். 'வேலு' ஒற்றை எழுத்தாகச் சுருங்கி 'எஸ் வி' என்று அச்சாகும். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது என்பதை இம்மென்பொருள்கள் அறியா. ஒருவரே பட்டியலுக்குப் பட்டியல் வெவ்வேறு மனிதராகத் தோன்றுவது இதனால்தான்.

எங்கே திருத்துவது?

மோகனூர் வாசகர்களுக்குச் சர்க்கரை ஆலையின் எடைச் சீட்டு பழக்கமானது. சீட்டில் உழவரின் பெயர் மாறி எழுதப்பட்டுவிட்டால், சீட்டின் எழுத்துருவை அழகாக மாற்றிப் பயனில்லை. பேரேட்டில் பெயரைத் திருத்தினால்தான் கரும்புக்குரிய பணம் உரியவருக்குச் சேரும். மேற்கோளும் அப்படியே. பேரேடு என்பது நாம் உள்ளிட்ட விவரம். சீட்டின் அச்சுப் படிவம் என்பது நடைக் கோப்பு. நாம் காணும் பட்டியல் இவ்விரண்டும் சேர்ந்த விளைவு. பிழை எவ்விடத்தில் பிறந்ததோ அவ்விடத்தில்தான் அதைத் திருத்த வேண்டும்.

பலர் செய்வது என்ன? அச்சான பட்டியலில் கைவைக்கிறார்கள். அடுத்த மேற்கோளைச் சேர்த்தவுடன் மென்பொருள் பட்டியலைப் புதிதாக எழுதிவிடுகிறது. செய்த திருத்தமெல்லாம் வீண். விவரத்தில் பிழை என்றால் விவரத்தைத் திருத்துங்கள். ஜொட்டேரோவில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தான் இரு கட்டங்களை ஒன்றாக்கும். நிறுவனப் பெயரை அதில் இடலாம். எண்ட்நோட்டில் நிறுவனப் பெயரின் இறுதியில் ஒரு காற்புள்ளி இட்டால் போதும். விவரம் சரியாக இருந்தும் வடிவம் பிழை என்றால் மட்டுமே நடைக் கோப்பைத் தொட வேண்டும்.

உதாரணமாக, 'லான்செட்' இதழும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழும் ஆறு பேருக்கு மேல் இருந்தால் முதல் மூவரை மட்டுமே எழுதச் சொல்கின்றன. ஜொட்டேரோ போன்ற மென்பொருள்களின் நடைக் கோப்பில் இதற்கு இரண்டே எண்கள் உள்ளன. எத்தனை பேர் வந்தால் சுருக்குவது என்பது ஒன்று. சுருக்கும்போது எத்தனை பேரை எழுதுவது என்பது மற்றொன்று. வான்கூவரில் அவை 7, 6. இவ்விதழ்களுக்கு 7, 3. ஓர் எண்ணை மாற்றினால் பட்டியல் முழுவதும் மாறிவிடும். மாற்றிய கோப்புக்குப் புதிய பெயரும் புதிய அடையாளமும் கொடுக்க மறவாதீர்கள். இல்லையேல் மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது பழைய கோப்பு உங்கள் கோப்பின்மேல் வந்து அமர்ந்துவிடும்.

குறை யாருடையது?

இனி நம் தீர்ப்புக்கு வருவோம். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் உருவான ஜொட்டேரோ இலவசமாகக் கிடைக்கிறது. அது பயன்படுத்தும் பொதுக் களஞ்சியத்தில் 10,000-க்கும் மேற்பட்ட நடைக் கோப்புகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி வேறொரு நடையைச் சுட்டும் சிறு கோப்புகளே என்பது உண்மைதான். எனினும் ஒரு நடை போதும் என்று 1978-இல் எழுந்த குரலுக்குப் பின்னும் இத்தனை வேறுபாடுகள் எதற்கு? மூவரா அறுவரா, பக்கம் '284-7' என்றா '284-287' என்றா என்பவற்றால் அறிவியல் உண்மை எள்ளளவும் மாறுவதில்லை. மீட்டருக்கு ஊருக்கொரு நீளம் இருந்தால் இயற்பியல் நடக்குமா? முதல் சமர்ப்பிப்பில் எந்த நடையையும் ஏற்கும் பதிப்பகங்கள் சில இன்று உள்ளன. அது வரவேற்கத்தக்க மாற்றம்.

மென்பொருளின் குறை வேறு வகையானது. மேலைநாட்டுப் பெயர் முறையை அது உலகப் பொது விதியாகக் கொண்டுவிட்டது. 2012 முதல் வழங்கப்படும் ஆர்கிட் என்னும் 16 இலக்க ஆய்வாளர் எண் இக்குழப்பத்திற்கு நல்ல மாற்று. பெயர் எப்படி அச்சானாலும் எண் மாறாது. ஆனால் 1959-இன் ஆசிரியர்களுக்கு அந்த எண் ஏது? அவர்களின் பெயரைக் காப்பது, மேற்கோள் காட்டும் நம் கையில்தான் இருக்கிறது.

நாமக்கல்லில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. நம் வட்டாரத்துப் பிள்ளைகள் அங்கே ஆய்வேடு எழுதும் நாள் தொலைவில் இல்லை. மாணவ நண்பர்களே, பொத்தானை அழுத்தியதும் வரும் பட்டியலை அப்படியே நம்பிவிடாதீர்கள். மூலக் கட்டுரையை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். காற்புள்ளி தவறினால் இதழாசிரியர் திருத்திக்கொள்வார். பெயர் தவறினால் அதை அவர் அறியவும் வழியில்லை.