முள்வேலிக்கு உள்ளே ஒரு கேமரா

ஒன்பது குழி போதவில்லை, பதினெட்டு வேண்டும். கனடாவில் 1990-ல் ராணுவத்தைக் கூப்பிடுகிற வரைக்கும் போன ஒரு தகராறு இப்படித்தான் ஆரம்பித்தது.

கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியலுக்குப் பக்கத்தில் ஓகா என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் ஒன்று. அதைப் பதினெட்டாக்கி, பக்கத்தில் சொகுசு வீடுகளும் கட்டலாம் என்று திட்டம் போட்டார்கள். குறுக்கே ஒரு பைன் மரக்காடும், இடுகாடும் இருந்தன. 'இது எங்கள் நிலம், அங்கே படுத்திருப்பது எங்கள் தாத்தா பாட்டி' என்றார்கள் கானெசடாகே கிராமத்து மோஹாக் மக்கள். இவர்கள் கனடாவின் பூர்வகுடிகள். 1717-ல் பிரெஞ்சு அரசு அந்த நிலத்தைப் பாதிரிமார் சபை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்த நாளிலிருந்து இவர்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் மாதம் காட்டுக்குள் போகிற மண் பாதையை மறித்து உட்கார்ந்தார்கள். ஜூலை 11 காலை, கண்ணீர்ப்புகையோடு போலீஸ் வந்தது. துப்பாக்கிச் சூடு. மார்செல் லெமே என்ற போலீஸ்காரர் இறந்துபோனார். போலீஸ் பின்வாங்க, அவர்கள் விட்டுப்போன வண்டிகளையே குறுக்கே போட்டு நெடுஞ்சாலையை மறித்தார்கள் மோஹாக் மக்கள். ஆகஸ்ட்டில் ராணுவம் வந்து சுற்றி வளைத்தது. மொத்தம் 78 நாள்.

அன்று ரேடியோவில் செய்தியைக் கேட்டுவிட்டு, கைவேலையை அப்படியே போட்டுவிட்டு அங்கே போனவர் அலானிஸ் ஒபொம்சாவின். வயது 58-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அவரும் பூர்வகுடிதான், அபெனாகி இனம். மற்ற பத்திரிகைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பியபோதும், அவர் முள்வேலிக்கு உள்ளேயே தரையில் படுத்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, எடுத்துக்கொண்டே இருந்தார். 1993-ல் வந்த அந்தப் படத்தின் பெயர், 'கானெசடாகே: 270 வருட எதிர்ப்பு'. 119 நிமிடம். டொரண்டோ திரைப்பட விழாவில் சிறந்த கனடியப் படம் என்ற பரிசை வாங்கியது. அதுவரை கதைப் படங்கள் மட்டுமே வாங்கிக்கொண்டிருந்த பரிசு அது.

டாக்குமெண்டரி என்றாலே பலருக்குக் கொட்டாவி வரும். கணீர்க் குரலில் ஒருவர் பாடம் நடத்துவார், அணைக்கட்டைக் காட்டுவார், முடிந்துவிடும். இந்தப் படத்தில் கொட்டாவி வராது, வயிற்றைத்தான் பிசையும். ஒரு காட்சி சொல்கிறேன். ராணுவம் வரப்போகிறது என்று பயந்து, இன்னொரு மோஹாக் ஊரான கானவாகேயிலிருந்து கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் கார்களில் வெளியேறுகிறார்கள். சாலையோரம் ஒரு கூட்டம் காத்திருந்து அந்தக் கார்கள் மேல் கல்லெறிகிறது. கல்லெறிபவர்கள் ரவுடிகள் இல்லை. பாலம் மறிக்கப்பட்டதால் ஆபீஸ் போக முடியாமல் கடுப்பில் இருந்த, சாதாரணமாகக் குடும்பம் நடத்துகிற உள்ளூர்க்காரர்கள். பக்கத்திலேயே போலீஸ் நின்றுகொண்டிருக்கிறது. உலகத்திலேயே பண்பான நாடு என்று பெயரெடுத்த கனடாவில், 1990 ஆகஸ்ட் 28-ம் தேதி நடந்தது இது. இந்த ஒரு சம்பவத்தை மட்டும் வைத்து 2000-ல் தனியாக ஒரு முழு நீளப் படமே எடுத்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒபொம்சாவின் மேல் எப்போதும் வைக்கப்படுகிற குற்றச்சாட்டு ஒன்று உண்டு: அவர் படங்கள் ஒருதலைப்பட்சம்.

உண்மைதான். அதை மறுப்பதில் அர்த்தமே இல்லை. கேமரா எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அவர் ஒளிப்பதே இல்லை. இறந்துபோன போலீஸ்காரரின் வீட்டுத் துக்கத்துக்குள் அந்தப் படம் போகவில்லை. போயிருந்தால் படம் பலவீனமாகியிருக்காது, இன்னும் கனமாகியிருக்கும் என்பது என் கட்சி.

ஆனால் அடியேன் பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று பார்த்தே பழக்கம். அந்த 78 நாளும் கனடா பத்திரிகைகளும் டி.வி-க்களும் எழுதிய கணக்கு எந்தப் பக்கத்தில்? அன்று உலகம் முழுக்கப் போன ஒரு போட்டோ இருக்கிறது. ஓர் இளம் சிப்பாயும், முகமூடி போட்ட ஒரு போராளியும் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி முறைத்துக்கொண்டு நிற்பார்கள். பார்த்தவுடன் நாம் என்ன நினைப்போம்? சிப்பாய் பாவம், முகமூடிக்காரன் பயங்கரவாதி. அந்த முகமூடிக்குள் இருந்தவர் ஒரு பொருளாதார மாணவர் என்பதை போட்டோ சொல்லாது. வேலிக்கு வெளியே நூறு கேமரா, உள்ளே ஒன்று. அந்த ஒன்றும் வெளியே வந்து 'நடுநிலை'யாக நின்றிருந்தால் கணக்கில் ஒரு பக்கம் காலியாகவே இருந்திருக்கும். நூற்றியொன்றாவது நடுநிலையால் யாருக்கு லாபம்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த அம்மாளுக்குச் சம்பளம் கொடுத்தது கனடா அரசாங்கம்! 1939-ல் தொடங்கப்பட்ட நேஷனல் ஃபிலிம் போர்டு அரசு நிறுவனம். அரசின் ராணுவம் வேலி போடுகிறது. அரசின் இன்னொரு நிறுவனத்து கேமரா அந்த வேலிக்கு உள்ளேயிருந்து ராணுவத்தைப் படமெடுக்கிறது. முடிந்த படத்தை முதலில் ஒளிபரப்பியது பிரிட்டனின் சேனல் 4. சொந்த நாட்டு சிபிசி அதற்கப்புறம்தான். சும்மா சொல்லக்கூடாது, கனடாவின் பெருமையும் சிறுமையும் இந்த ஒரு விஷயத்திலேயே இருக்கின்றன.

யார் இவர்? பிறந்தது 1932-ல், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில். கைக்குழந்தையாகக் கியூபெக்கின் ஒடனாக் என்ற அபெனாகி கிராமத்துக்கு வந்தார். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுத்தார். ஒன்பது வயதில் குடும்பம் த்ருவா-ரிவியேர் நகரத்துக்குக் குடிபோனது. அங்கே இவர்கள் மட்டும்தான் பூர்வகுடிக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடக்கும். காட்டுமிராண்டிகள் வெள்ளைக்காரர்களைக் கொன்ற கதை. பாடம் முடிந்து வெளியே வந்தால் இவருக்கு அடி விழும். புத்தகத்தில் இருக்கிற கதைதான் தன்னை அடிக்கிறது என்று அந்தச் சின்ன வயதிலேயே புரிந்துவிட்டது. கதையை மாற்ற வேண்டும். அவ்வளவுதான், வாழ்நாள் வேலை முடிவாகிவிட்டது.

சினிமா படித்தவர் இல்லை. பாடகி. 1960-ல் நியூயார்க்கின் டவுன் ஹாலில் பாடியிருக்கிறார். சினிமாவுக்குள் வந்தது ஒரு நீச்சல் குளத்தால். ஒடனாக் ஆறு மாசாகிவிட்டது. பக்கத்து ஊர்க் குளத்தில் பூர்வகுடிக் குழந்தைகளை விடமாட்டார்கள். நமக்கே ஒன்று கட்டிக்கொள்வோம் என்று ஊர் ஊராகப் பாடிப் பணம் சேர்த்தார். அதை சிபிசி 1966-ல் காட்ட, பார்த்த ஃபிலிம் போர்டுக்காரர்கள் ஆலோசகராக வரச் சொன்னார்கள். 1971-ல் முதல் படம், 'மூஸ் ஃபேக்டரியில் கிறிஸ்துமஸ்'. 13 நிமிடம். விடுதிப் பள்ளிக் குழந்தைகள் கிரேயானில் வரைந்த படங்கள், அவற்றுக்குப் பின்னால் குரல். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழியை மறக்கடித்த பள்ளிகள் அவை. முதல் படத்திலேயே அவர் செய்தது குழந்தைகளைப் பேசவிட்டதுதான்.

அவருடைய தொழில் ரகசியமும் இதுதான். முதலில் கேமரா இல்லாமல் போவார். ஒலிப்பதிவுக் கருவி மட்டும். மணிக்கணக்காகக் கேட்பார். படம் பிடிப்பதெல்லாம் அப்புறம். அதனால்தான் அவர் படங்களில் யாரும் கேமராவுக்காகப் பேசுவதில்லை, ஒரு பெரியம்மாவிடம் பேசுகிறார்கள்.

கேட்பவர் என்றால் சாது என்று அர்த்தமில்லை. 1981-ல் ரெஸ்டிகூஷ் என்ற இடத்தில், சால்மன் மீன் பிடிக்கிற தகராறில் மிக்மாக் மக்கள் மேல் கியூபெக் போலீஸ் இரண்டு முறை பாய்ந்தது. அதைப் படமாக்கும்போது, பூர்வகுடிகளை மட்டும் பேட்டி எடு, வெள்ளைக்காரர்களை எடுக்காதே என்று தனக்குச் சொல்லப்பட்டதாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேட்டாரா? நேராக மீன்வளத் துறை மந்திரி லூசியன் லெசார்டையே பிடித்து உட்கார வைத்தார். மந்திரியின் கட்சி, கியூபெக்குக்குத் தனி இறையாண்மை வேண்டும் என்று அப்போதுதான் வாக்கெடுப்பு நடத்தித் தோற்றிருந்தது. அதே மந்திரி மிக்மாக் மக்களிடம், இறையாண்மை கேட்க உங்களுக்குத் தனி மொழி, தனிக் கலாசாரம், தனி நிலம் வேண்டாமா என்ற தொனியில் பேசியிருந்தார். ஒபொம்சாவினுக்கு வந்ததே கோபம்! உங்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று கேமராவுக்கு முன்னாலேயே பொரிந்து தள்ளுகிறார். பேட்டி எடுப்பவர் உணர்ச்சிவசப்படக் கூடாது என்பது பாடப்புத்தகம். 1984-ல் வந்த அந்தப் படத்தில் மறக்க முடியாத காட்சி அதுதான்.

குறையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் எடுத்த சில படங்கள் நீளம். 2016-ல் வந்த 'இதே தவறை இரண்டாவது முறை செய்ய முடியாது' 163 நிமிடம். பெரும்பகுதி விசாரணை மன்றத்தில். வக்கீல்கள் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எடிட்டிங்கில் நாற்பது நிமிடத்தைத் தைரியமாக வெட்டியிருக்கலாம். பார்ப்பவர் தானே உணரவேண்டிய இடத்தில் பின்னணிக் குரல் முந்திக்கொண்டு விளக்குவதும் உண்டு.

ஆனால் அந்தப் படம் எதைப் பற்றி என்று பாருங்கள். ரிசர்வ் எனப்படும் பூர்வகுடிக் குடியிருப்புகளில் இருக்கிற குழந்தைகளின் நலனுக்கு மத்திய அரசு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகப் பணம் ஒதுக்குகிறது என்று சிண்டி பிளாக்ஸ்டாக் என்ற பெண்மணியின் அமைப்பு 2007-ல் வழக்குப் போட்டது. ஒன்பது வருடம் இழுத்தடித்து, 2016 ஜனவரியில் கனடா மனித உரிமைத் தீர்ப்பாயம் சொன்னது: ஆமாம், இது பாரபட்சம்தான். 2023-ல் 2,300 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கும் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது.

இதே விஷயத்தை அவர் முப்பது வருடம் முன்பே படமாக எடுத்துவிட்டார். 1986-ல் வந்த 'ரிச்சர்ட் கார்டினல்'. நாலு வயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 14 வருடத்தில் 28 இடங்களுக்கு மாற்றப்பட்டு, 17 வயதில் 1984-ல் தூக்குப் போட்டுக்கொண்ட பையன். அவன் எழுதி வைத்த டைரிதான் படம். யாரும் அழுது கூப்பாடு போடுவதில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

2019-ல் வந்த 'ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன்' அவருடைய 53-வது படம். ஜோர்டன் 1999-ல் அபூர்வமான தசை நோயோடு பிறந்த க்ரீ இனக் குழந்தை. வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் வீட்டுச் சிகிச்சைக்கு ஆகும் செலவை யார் கொடுப்பது, மத்திய அரசா மாகாண அரசா என்று இரண்டு ஆபீஸ்களும் இரண்டு வருடத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. பில் யார் பெயரில் என்று முடிவாகவில்லை. 2005-ல், ஐந்து வயதில், ஒரு நாள்கூடத் தன் வீட்டில் தூங்காமல் ஜோர்டன் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனான். முதலில் குழந்தையைப் பார், பில் சண்டையைப் பிறகு வைத்துக்கொள் என்று 2007-ல் பாராளுமன்றம் தீர்மானம் போட்டது. அதற்கு அவன் பெயர்தான்: ஜோர்டன் கொள்கை. தீர்மானத்தை நிஜமாகவே அமல்படுத்த வைக்க மறுபடியும் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. கணக்கு வழக்கு படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடக் கேவலமான வவுச்சர் சண்டையை நான் கேள்விப்பட்டதில்லை.

1986, 2016, 2019. மூன்று படம், ஒரே கேள்வி. கட்சிகள் மாறின, பிரதமர்கள் மாறினார்கள், ஒபொம்சாவின் அதே இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு படம் நாட்டை மாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் ஒரு படத்தோடு களைத்துப்போவார்கள். இவர் 90 வயதைத் தாண்டிய பிறகும் படம் எடுத்தார்.

ஓகா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கோல்ஃப் மைதானம் பதினெட்டு குழி ஆகவில்லை. நிலப் பிரச்சினை அதோடு தீர்ந்தும்விடவில்லை. 78-வது நாள் எல்லோரும் வெளியே வந்தபோது, தங்கையைத் தூக்கிக்கொண்டு வந்த 14 வயதுப் பெண் வானீக் ஹார்ன்-மில்லரை ஒரு சிப்பாயின் துப்பாக்கிமுனைக் கத்தி மார்பில் குத்தியது. பிழைத்துக்கொண்டாள். பத்து வருடம் கழித்து, 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் கனடாவின் வாட்டர் போலோ அணிக்கு இணை கேப்டனாக இறங்கியது அதே பெண்தான்.

ஃபிலிம் போர்டின் இணையதளத்தில் ஒபொம்சாவின் படங்கள் பலவும் இலவசமாகவே கிடைக்கின்றன. எதில் ஆரம்பிப்பது என்றால், 'ரிச்சர்ட் கார்டினல்'. 29 நிமிடம்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் பார்க்காதீர்கள்.