'தோழா' விட்டுவிட்ட கணக்கு

2016-இல் வெளிவந்த 'தோழா' படத்தைப் பார்த்திருப்பீர்கள். கழுத்துக்குக் கீழே செயலிழந்த செல்வராக நாகார்ஜுனா. அவரைக் கவனிக்க வருபவராகக் கார்த்தி. 2011-இல் வந்த பிரெஞ்சுப் படத்தின் தழுவல். இரக்கத்தை விட்டு நட்பைக் காட்டியது பாராட்டத்தக்கது. நடிப்பும் நிறைவே. பாரிஸ் வரை பயணமும் போகிறார்கள். அப்பயணத்தில் அவருடைய சிறுநீர் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்டதுண்டா?

தண்டுவடம் அடிபட்டால் கைகால்கள் மட்டுமல்ல, சிறுநீர்ப்பைக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பும் அறுந்துபோகிறது. பை நிரம்புவது தெரியாது. சிறுநீர் தானே கசியும், அல்லது தேங்கும். தேங்கினால் கிருமி பெருகும். அழுத்தம் மிகுந்தால் சிறுநீரகமே கெடும். ஆகவே பலருக்கு நாள்தோறும் நான்கு முதல் ஆறு முறை கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். ஐந்து முறை என்றாலே மாதத்துக்கு 150 குழாய்கள்! கசிவுக்கு டயாப்பர் வேறு.

செல்வர் வீட்டில் இது கதையாகாது. தேவிபட்டினத்துப் பக்கம் பனையிலிருந்து விழுந்த தொழிலாளி ஒருவரை அதே நாற்காலியில் வைத்துப் பாருங்கள். முதுகில் அடிபட்டவருக்குக் கைகள் இயங்கும். பழகினால் குழாயைத் தாமே செலுத்திக்கொள்ளலாம். குழாய் சுத்தமாக இருந்தாலே போதும் என்று 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடிஸ் எடுத்துக்காட்டினார். கழுவி மீண்டும் பயன்படுத்தும் வழி அப்படித்தான் பிறந்தது. கழுவ நல்ல தண்ணீர் வேண்டுமே! கண்ணெதிரே கடல் கிடக்க, குடிநீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் சீமை அது. கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதனால் கல்லும் கிருமித் தொற்றும்தான் கூடும்.