தையற்காரர்கள் பாடிய தாலாட்டு

டிசம்பர் வந்தால் கோவை, பொள்ளாச்சிப் பக்கத்து ஆங்கில வழிபாடுகளில் 'கவென்ட்ரி கரோல்' எப்படியும் ஒருமுறை ஒலிக்கும். மெதுவாக, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அழகாகப் பாடுவார்கள். அந்த அழகோடுதான் எனக்குப் பிரச்சினை.

இது கோயில் பாடகர்களுக்காக எழுதப்பட்ட பாட்டே இல்லை. இங்கிலாந்தின் கவென்ட்ரி கம்பளித் துணிக்குப் பேர்போன ஊர். அங்கே துணியின் மயிரைக் கத்தரித்துச் சமன்செய்பவர்களும் தையற்காரர்களும் சேர்ந்து ஒரு தொழிற்சங்கம் வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் வண்டிமேடையில் அவர்கள் போட்ட நாடகத்தில் வரும் பாட்டு இது. அதுவும் கிறிஸ்துமஸுக்கு இல்லை, கோடையில் வரும் நற்கருணைத் திருவிழாவுக்கு. கிடைத்திருக்கும் பிரதியை ராபர்ட் குரோ 1534இல் திருத்தி எழுதினார். 1579க்குப் பிறகு நாடகம் நின்றுபோனது. மூலப்பிரதி 1879இல் பர்மிங்காம் நூலகத் தீயில் எரிந்தது. தாமஸ் ஷார்ப் முன்பே அச்சிட்டிருந்ததால் பாட்டு தப்பியது.

நாடகத்தில் இதற்கான இடத்தைப் பாருங்க. ஏரோது ஆத்திரத்தில் மேடையிலும் கத்துகிறான், தெருவில் இறங்கியும் கத்துகிறான். கூட்டத்துக்கு நடுவேதான் அந்த மிரட்டல். மூன்று தாய்மார் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்கள், பிறகு சிப்பாய்கள் வந்து கொல்கிறார்கள். பிள்ளை அழுதால் காட்டிக்கொடுத்துவிடும் என்கிற பயத்தில் பாடும் தாலாட்டு அது. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் எவ்வளவு கிட்டத்து உறவு என்று நம்மூர்ப் பாட்டிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இசையும் அதையே சொல்கிறது. சாதாரண காந்தாரத்தில் நடந்த பாட்டு, முடிவில் அந்தர காந்தாரத்தில் வந்து நிற்கிறது. அதை ஆறுதல்னு எடுத்துக்கிட்டுப் பாடினால் பாட்டு செத்துப்போகும். மூன்று குரல்களில் இரண்டு ஆண்குரல்கள். அதாவது பகலெல்லாம் கத்தரிக்கோல் பிடித்த ஆண்கள் தாய்களாக நின்றிருக்கிறார்கள்.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) 'பெத்லகேம் குறவஞ்சி'யில் குறத்தியையும் சிங்கனையும் கொண்டுவந்தார். பெரிய துணிச்சல்தான். ஆனால் அங்கே உழைப்பாளி உருவகமாகிவிடுகிறார், கவென்ட்ரியில் உழைப்பாளியே பாடுகிறார்.

1940 நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் கவென்ட்ரியின் புனித மைக்கேல் பேராலயம் இடிந்தது. தொப்பி செய்பவர்கள், துணி வணிகர்கள் என்று சங்கங்களுக்குத் தனித்தனிச் சிற்றாலயம் இருந்த கோயில் அது. அடுத்த மாதமே, கிறிஸ்துமஸ் அன்று, கூரையில்லாத அந்த இடிபாட்டிலிருந்து பிபிசி இப்பாட்டை ஒலிபரப்பியது. பாட்டு தன் பொருளுக்குத் திரும்பிய நாள் அதுதான் என்பேன்.

நெகமம் சேலை நெய்யும் ஊர்க்காரங்களுக்கு இது அந்நியப் பாட்டில்லை. இந்த வருடம் பாடுகிறவர்கள் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் பயத்தோடு பாடிப் பார்க்கட்டும்.