கையசைப்பும் கதவுத் தட்டலும்

2023 ஜனவரி. அரிசோனாவில் யூமாவிலிருந்து குவார்ட்ஸைட் போகும் 95ஆம் எண் சாலை. இருபுறமும் பாலை, நடுவே இருவழித் தார்ச்சாலை. வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமில் நான்கு பேர் போய்க்கொண்டிருந்தோம். நான்கு பேருமே மென்பொருள் ஆட்கள். எதிரில் அதே மாதிரி ஒரு வண்டி வந்தது. ஓட்டுநருக்கு எழுபது வயதிருக்கும். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை உயர்த்தி எங்களைப் பார்த்து அசைத்தார். ஓட்டிக்கொண்டிருந்த நண்பன் உடனே வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "டேய், என்னமோ சொல்றாரு. பின்னாடி கதவு ஏதாச்சும் தொறந்திருக்கா பாரு."

நம்ம ஊர் அனுபவம் அப்படி. எதிரே வருபவர் கை காட்டினால் பகலில் ஹெட்லைட் எரிகிறது, அல்லது அடுத்த திருப்பத்தில் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். கதவு எல்லாம் மூடித்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் இன்னொரு வண்டி, இன்னொரு கை. பிறகு மூன்றாவது. பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டேவிட்டோம். அவர் சிரித்தார். ஒன்றுமில்லை, மோட்டார்ஹோம்காரர்கள் சாலையில் பார்த்துக்கொண்டால் இப்படித்தான், வணக்கம் சொல்வதுதான் என்றார்.

அதன் பிறகு நாங்கள் விட்டுவைக்கவில்லை. யார் முதலில் கை காட்டுவது என்று போட்டியே நடந்தது. அந்தப் பயணத்தில் குறைந்தது நாற்பது பேருக்காவது கையசைத்திருப்பேன். என் வாழ்நாளில் அத்தனை அந்நியர்கள் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில்லை.

ஊர் திரும்பியதும் அந்த மிதப்பு கலையாமலே க்ளோயி ஜாவ் இயக்கிய நோமாட்லேண்ட் (2020) படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். பிறகு அதற்கு மூலமான ஜெசிகா ப்ரூடரின் 2017ஆம் வருடப் புத்தகத்தைப் படித்தேன். அதற்கும் பிறகு, தற்செயலாக, ஜான் ஸ்டைன்பெக்கின் 'டிராவல்ஸ் வித் சார்லி'. மூன்றுமே வண்டியில் வாழ்பவர்களையும் வழியில் அவர்கள் சந்திப்பவர்களையும் பற்றியவை. படித்து முடித்தபோது அந்த நாற்பது கையசைப்புகளை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் போனது. அந்தத் தடுமாற்றம்தான் இந்தக் கட்டுரை.

1

ஸ்டைன்பெக் 1960 செப்டம்பரில் லாங் ஐலண்டின் சாக் ஹார்பரிலிருந்து கிளம்புகிறார். வயது 58. ஒரு ஜிஎம்சி பிக்கப் வண்டி, அதன் முதுகில் படுக்கையும் அடுப்பும் கொண்ட சிறு அறை. டான் குயிக்ஸோட்டின் குதிரைப் பெயரான ரோசினான்டேயை அதற்கு வைக்கிறார். துணைக்கு சார்லி என்ற பூடில் நாய். துப்பாக்கியையும் தூண்டிலையும் கூடவே எடுத்துக்கொள்கிறார். வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் போகிறவனை எல்லோருக்கும் புரியும், காரணமில்லாமல் போகிறவனைத்தான் புரியாது என்பது அவர் கணக்கு.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் மெய்ன் மாநிலத்தில் வருகிறது. உருளைக்கிழங்கு அறுவடைக்காகக் கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சு பேசும் தொழிலாளர் குடும்பங்கள் ஏரிக்கரையில் முகாமிட்டிருக்கின்றன. ஸ்டைன்பெக் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறார். நேராகப் போய்ப் பேசக் கூச்சம். சார்லியை அவிழ்த்து விடுகிறார். நாய் அவர்களிடம் போகும், 'மன்னிக்கணும், தொந்தரவு பண்ணிட்டான்' என்று இவர் பின்னாலேயே போவார். பேச்சு தொடங்கிவிடும். அன்றிரவு அந்தக் குடும்பம் ரோசினான்டேக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து அவரோடு கோன்யாக் குடிக்கிறது. சாலைத் தோழமையைப் பற்றி இதைவிட இதமான சில பக்கங்களை நான் படித்ததில்லை.

ஆனால் அவருக்குத் திரும்பிப்போக வீடு இருந்தது. அதுமட்டுமல்ல. 2010இல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே பாதையில் போய்ச் சரிபார்த்தபோது, பல இரவுகள் அவர் விடுதிகளில்தான் தங்கினார், கணிசமான நாட்கள் மனைவி எலைன் கூட இருந்தார் என்று தெரியவந்தது. ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் ஜே பரினியும் இதில் புனைவு கலந்திருப்பதை ஒத்துக்கொண்டார். இதைச் சொல்லி ஸ்டைன்பெக்கை மட்டம் தட்ட விருப்பமில்லை. எழுத்தாளன் பொய் சொன்னான் என்று கண்டுபிடிப்பது என்ன பெரிய விமர்சனம்? எனக்கு உறுத்தியது அவர் மறைக்காமல் எழுதிய ஒன்று.

நியூ ஆர்லியன்ஸ். வண்டியில் உட்கார்ந்திருக்கும் சார்லியைப் பார்த்து ஒருவன், ஒரு கறுப்பன் என்றல்லவா நினைத்துவிட்டேன் என்ற பொருளில் இழிசொல்லோடு ஜோக் அடிக்கிறான். வேறு வாய்களிலிருந்தும் அதே ஜோக் வருகிறது. மெய்னில் நட்பைத் தேடித்தந்த அதே நாய்தான். 1960 கடைசியில், அந்த நகரத்தில் வெள்ளையர் பள்ளியில் சேர்ந்த ஒரு சிறு கறுப்பினப் பெண்ணைப் பார்த்துப் பெண்கள் கூட்டமாக நின்று கத்தியதை ஸ்டைன்பெக் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். ரோசினான்டேயில் நிஜமாகவே ஒரு கறுப்பின மனிதர் போயிருந்தால் அவருக்குத் தேவைப்பட்டிருக்கும் புத்தகம் வேறு. ஹார்லமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் தொடங்கிய 'கிரீன் புக்'. எந்த ஊரில் எந்த விடுதி படுக்க இடம் தரும், எந்தக் கடை சோறு போடும் என்று கறுப்பினப் பயணிகளுக்குச் சொன்ன கையேடு அது. ஸ்டைன்பெக் வண்டியோட்டிய வருடத்திலும் அதற்குத் தேவை இருந்தது.

சாலை எல்லோருக்கும் பொது. கையசைப்பு அப்படியல்ல.

2

ப்ரூடரின் புத்தகம் இந்தக் கூச்சமெல்லாம் இல்லாதது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வீட்டையோ வேலையையோ சேமிப்பையோ இழந்து, வேனிலும் டிரெய்லரிலும் குடியேறிய முதியவர்களைப் பற்றியது. அவர்களோடு பழகுவதற்காக ப்ரூடரும் ஒரு வேன் வாங்கினார். அதற்கு 'ஹேலன்' என்று பெயர் வைத்தார், வேன் ஹேலன் ராக் இசைக்குழுவை வைத்து ஒரு சிலேடை. புத்தகத்தின் நாயகி லிண்டா மே, அறுபதுகளில் இருக்கும் பாட்டி. கோடையில் முகாம் தளங்களில் கழிப்பறை கழுவும் வேலை. கிறிஸ்துமஸ் நெருக்கடி வந்தால் அமேசான் கிடங்கு. ஆர்.வி.யில் வசிக்கும் ஆட்களைப் பருவகால வேலைக்கு எடுக்க அமேசான் நடத்திய திட்டத்தின் பெயர் கேம்பர்ஃபோர்ஸ். பத்து மணி நேரம், அதற்கும் மேல், கான்கிரீட் தரையில் நடை. சுவரில் இலவச வலி மாத்திரை வழங்கும் பெட்டிகள். அந்தப் பெட்டிகளைப் பற்றிப் படித்த பிறகு எங்கள் அலுவலகத்தின் இலவச காபி மெஷினை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

இந்த மனிதர்களுக்குள் இருக்கும் தோழமை அலாதியானது. குவார்ட்ஸைட் பக்கம் மத்திய அரசுப் புறம்போக்கில் குளிர்காலத்தில் கூடுகிறார்கள். அங்கே பதினான்கு நாள் வரை காசில்லாமல் தங்கலாம். பாப் வெல்ஸ் தொடங்கிய 'ரப்பர் டிராம்ப் ராண்டவூ' அப்படி ஒரு கூட்டம். அங்கே பரிமாறப்படுவதெல்லாம் பிழைக்கும் வழி: சோலார் தகட்டை எப்படி மாட்டுவது, பக்கெட்டைக் கழிப்பறையாக எப்படிப் பயன்படுத்துவது, ஊருக்குள் எங்கே நிறுத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். வண்டியில் வாழ்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பயம், இரவில் கதவில் விழும் தட்டு. போலீஸாக இருக்கலாம், காவலாளியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். இங்கே தூங்கக் கூடாது, கிளம்பு. அதைத் தவிர்க்கத்தான் ஜன்னலுக்குத் திரை, சத்தமில்லாத சமையல், வீடற்றவர் போலத் தெரியாமலிருக்கும் கவனம். ஸ்டைன்பெக் தன் பயணத்துக்கு ஒரு சாக்கு வேண்டுமென்று தூண்டிலை எடுத்துப் போனார். இவர்கள் சுற்றுலாப் பயணியின் தோற்றத்தையே தூண்டில் போல வைத்துக்கொள்கிறார்கள். தான் பார்த்த இந்தச் சமூகத்தில் ஏன் பெரும்பாலும் வெள்ளையர்களே இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் ப்ரூடர் கேட்கிறார். கதவைத் தட்டும் கை யாரிடம் எவ்வளவு முரட்டுத்தனம் காட்டும் என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடுகிறது.

நெட்வொர்க்கில் 'பிங்' என்று ஒன்று உண்டு. இருக்கியா என்று கேட்பது, இருக்கேன் என்று பதில் வருவது, அவ்வளவுதான். செய்தி என்று எதுவும் அதில் கிடையாது. 95ஆம் எண் சாலையில் நான் வாங்கிய கையசைப்புகளை அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். ப்ரூடரைப் படித்தபின் தெரிந்தது, அதே பிங் சிலருக்கு விளையாட்டு, சிலருக்கு உயிரோடிருப்பதன் சாட்சி. எதிரே வந்த நாற்பது பேரில் எத்தனை பேர் விடுமுறையில் இருந்தார்கள், எத்தனை பேருக்கு அந்த வண்டியை விட்டால் போக்கிடம் இல்லை? கையைப் பார்த்தால் தெரியாது.

3

இனி படத்துக்கு வருகிறேன். நோமாட்லேண்ட் நல்ல படம். சிறந்த படம், இயக்கம், நடிகை என்று மூன்று ஆஸ்கர் வாங்கியதற்காகச் சொல்லவில்லை. லிண்டா மே, ஸ்வாங்கி, பாப் வெல்ஸ் ஆகியோர் தாங்களாகவே நடித்திருக்கிறார்கள். பிரான்சஸ் மெக்டார்மண்ட் (படத்தில் ஃபெர்ன்) அவர்கள் பேசும்போது சும்மா உட்கார்ந்து கேட்கிறார். பெரிய நடிகை ஒருவர் அப்படிக் கேட்பதே ஒரு மரியாதை. புத்தாண்டு இரவில் கம்பி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே தனியாக வாழ்த்துச் சொல்லிக்கொண்டே நடப்பார். டயர் பஞ்சராகி உதவி கேட்கும்போது ஸ்வாங்கி முதலில் திட்டுவார், ஸ்டெப்னி இல்லாமலா பாலைவனத்துக்கு வருவாய் என்று. பிறகு வாழக் கற்றுக்கொடுப்பார். நம் வீட்டுப் பெரியவர்கள் அன்பு காட்டும் விதம்தான்.

கதவுத் தட்டலும் படத்தில் வருகிறது. ஃபெர்ன் வேனுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. அவர் திடுக்கிடுகிறார், கிளம்பிவிடுகிறார். அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம். புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் காதில் கேட்கும் சத்தம் படத்தில் ஒரு சம்பவம் ஆகிவிடுகிறது. அமேசான் கிடங்கும் அப்படியே. வெளிச்சமான, சுத்தமான இடம். சக ஊழியர்கள் சிரித்துப் பேசும் கேன்டீன். வலி மாத்திரைப் பெட்டி இல்லை.

இதைக்கூட மன்னித்துவிடலாம். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. எனக்கு உடன்பாடில்லாதது கதையின் முதுகெலும்பு. படத்தில் ஃபெர்னுக்கு இரண்டு வீடுகள் கிடைக்கின்றன. அக்கா கூப்பிடுகிறாள். டேவ் என்ற நண்பர் தன் மகன் வீட்டில் வந்து இருக்கச் சொல்கிறார். இரண்டையும் மறுத்துவிட்டு ஃபெர்ன் சாலைக்குத் திரும்புகிறார். புத்தகத்தில் லிண்டா மேயின் கனவு என்ன தெரியுமா? ஒரு வீடு. பழைய டயர்களையும் பாட்டில்களையும் வைத்துக் கட்டும் 'எர்த்ஷிப்' என்ற வகை வீடு. அதற்காக அரிசோனாவில் டக்ளஸ் ஊர்ப்பக்கம் நிலமும் வாங்குகிறார். நிஜத்தில் வீடு கட்டத் துடித்தவர், படத்தில் வீட்டை மறுக்கும் நாயகிக்குத் தோழியாக வருகிறார். நிர்ப்பந்தம் சுதந்திர வேட்கையாக மாறும் இடம் இது. கையசைப்பு அழகாகத் தெரிய வேண்டுமென்றால் கதவுத் தட்டல் தூரத்தில் கேட்டால் போதும் என்று படம் முடிவு செய்துவிட்டது.

சபரிமலை சீசனில் மாலை போட்டவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் 'சாமி'. எங்கள் தெருவில் முதலாளியும் அவர் டிரைவரும் ஒரு மண்டலம் முழுக்க ஒருவரையொருவர் சாமி என்றே கூப்பிடுவார்கள். அந்த நாட்களில் அது பொய்யில்லை, நான் பார்த்திருக்கிறேன். மாலையைக் கழற்றிய மறுநாள் ஒருவர் 'சார்', இன்னொருவர் 'டேய்'. மோட்டார்ஹோமும் ஒரு மாலைதான். அதிலும் வகை உண்டு. பஸ் அளவு வண்டி கிளாஸ் ஏ, வேன் கிளாஸ் பி, இடைப்பட்டது கிளாஸ் சி. இந்த 'கிளாஸ்' என்ற சொல்லை வைத்தவர் யோசித்து வைத்தாரா தெரியாது.

4

கதவுத் தட்டல் எங்களுக்கும் விழுந்தது. திரும்பும் வழியில், கலிஃபோர்னியாவில் ஒரு கடையின் வாகன நிறுத்தத்தில், இரவு பதினொன்றரைக்கு. டார்ச் வெளிச்சம், காவலாளி, இங்கே தங்க அனுமதியில்லை. பத்து நிமிடத்தில் கிளம்பி, ஃபோனில் தேடி, கார்டைத் தட்டிக் கட்டண முகாம் ஒன்றில் இடம் பிடித்துவிட்டோம். "செம்ம அனுபவம்டா" என்றான் நண்பன். இன்றைக்கும் பார்ட்டிகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். கார்டு இருந்ததால் அது கதை.

நான் வேலை செய்வது மவுண்டன் வியூவில். கூகுள் தலைமையகம் இருக்கும் ஊர். அங்கே தெருவோரங்களில் பழைய ஆர்.வி.கள் நிற்கும். வாடகை கட்டுப்படியாகாமல் அவற்றில் குடியிருப்பவர்கள் பலர் அதே ஊரில் வேலை பார்ப்பவர்கள். 2020 நவம்பரில் குறுகலான தெருக்களில் இந்தப் பெரிய வண்டிகளை நிறுத்தத் தடை கேட்டு வாக்கெடுப்பு நடந்தது, தடைக்கே பெரும்பான்மை கிடைத்தது. எனக்கு அங்கே ஓட்டு கிடையாது, விசாவில் இருப்பவன். வேலை போனால் 60 நாள், அதற்குள் இன்னொரு வேலை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டே கிளம்ப வேண்டும். என் கதவும் தட்டக்கூடிய கதவுதான். அந்த வருடம் ஓட்டு இருந்திருந்தாலும் எந்தப் பக்கம் போட்டிருப்பேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது.

அந்த வண்டிகளைத் தாண்டித்தான் தினமும் காலையில் சைக்கிளில் போகிறேன். அரிசோனாவில் பார்த்த அதே மாதிரி வண்டிகள், அதே மாதிரி மனிதர்கள். வண்டி ஓடவில்லை, நிற்கிறது, அதுதான் வித்தியாசம். நாலு வருடமாக ஒருமுறைகூடக் கை உயர்ந்ததில்லை.

ப்ரூடரைப் படித்து முடித்த வாரம் ஒரு நாள் உயர்த்தினேன். ஆர்.வி. படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். மார்பில் ஏதோ ஒரு கடையின் பெயர் பொறித்த சட்டை, வேலைக்குக் கிளம்புகிறார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு வேறு யாருக்கோ என்று நினைத்தாரோ என்னவோ, தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அதற்குள் நான் அவரைக் கடந்து வந்துவிட்டேன்.