டில்லி என்னும் போக்கிரிப் பெண்

பிரிட்டனுக்கும் சினிமாவுக்கும் ஒத்துவராது என்ற தொனியில் ஹிட்ச்காக்குடனான உரையாடலில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ பேசினார். அதை வேதவாக்காகக் கொண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஹிட்ச்காக்குக்கு முந்தைய பிரிட்டிஷ் மௌனப்படம் என்றாலே நாடக மேடையின் விறைப்புதான், அதன் நடிகைகள் கண்ணீர் வடிக்கும் பொம்மைகள்தான் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நடிகை ஆல்மா டெய்லரின் குறும்படம் ஒன்றைப் பார்த்தவர்கள்கூட அப்படி எழுத மாட்டார்கள்.

அந்த மௌனப்படத்தின் தொடக்ககாலத்தில் பிரைட்டன் பகுதியில் படமெடுத்த முன்னோடிகள் நாம் அறிந்தவர்களே. ஆனால் அவர்களில் ஒருவரான ஜி. ஏ. ஸ்மித்தைப் புகழ்கிறவர்கள் அவர் மனைவி லாரா பெய்லியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 1903இல் வந்த ‘மேரி ஜேன்ஸ் மிஸ்ஹாப்’ படத்தில் அவர் வேலைக்காரி. பூட்ஸுக்குப் போடும் பாலிஷ் முகத்தில் மீசையாகிறது. அண்மைக் காட்சியில் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். பிறகு அடுப்பில் மண்ணெண்ணெயை ஊற்றிப் பற்றவைத்து, புகைபோக்கி வழியே பறந்து போகிறார். கேமரா எவ்வளவு அருகில் நிற்கிறது என்று அறிந்து நடிக்கிற முகம் அது. மேடையில் அப்படிக் கண்ணடித்தால் முதல் வரிசைக்கு அப்பால் யாருக்கும் தெரியாது.

இந்த மரபின் உச்சம் தேம்ஸ் கரை வால்டனில், தயாரிப்பாளர் செசில் ஹெப்வர்த்தின் ஸ்டுடியோவில் நிகழ்ந்தது. 1895இல் லண்டனில் பிறந்த ஆல்மா, சிறுமியாகவே அங்கே நடிக்க வந்துவிட்டார். 1910இல் தொடங்கிய ‘டில்லி’ வரிசையில் அவர் டில்லி. அவரோடு சேர்ந்து அட்டகாசம் செய்யும் சாலி, கிறிஸ்ஸி வைட். ‘டில்லி அண்ட் தி ஃபயர் எஞ்சின்ஸ்’ படத்தில் இருவரும் தீயணைப்பு வண்டியைத் திருடி ஓட்டுகிறார்கள். துரத்திவரும் தீயணைப்பு வீரர்கள்மீதே குழாயைத் திருப்பித் தண்ணீர் அடிக்கிறார்கள். ஓட்டத்தில் கலைந்த தலைமுடியையும் அடக்கமாட்டாத சிரிப்பையும் பாருங்கள். ஒத்திகையின் சுவடே இல்லை. இந்த வரிசையில் நீதிபோதனையும் இல்லை. அட்டகாசம் முடிந்ததும் ஒன்றுமறியாத பிள்ளைகளாக முகத்தை வைத்துக்கொள்கிறார்கள், தப்பிவிடுகிறார்கள். ஓட்டுரிமை கேட்ட பெண்களைப் போலீஸ் தெருவில் அடித்துத் தள்ளிய ஆண்டுகள் அவை. அந்த நேரத்தில் சீருடைக்காரர்களை நனைத்த இரண்டு பெண்களைப் பார்த்து நாடு சிரித்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் அடிக்குறிப்பாக்கிவிட்டது அநியாயம்.

1915இல் திரைப்பத்திரிகை ஒன்று நடத்திய வாசகர் வாக்கெடுப்பில், பிரிட்டிஷ் நடிகர்களில் ஆல்மாவே முதலிடம். சாப்ளின் அவருக்குப் பின்னால்தான். அந்தச் செல்வாக்கை ஹெப்வர்த் எப்படிச் செலவழித்தார்? தியாகத் தலைவியாக்கினார். ‘கமின் த்ரோ த ரை’ நாவலை 1916இலும் மறுபடி 1923இலும் எடுத்தார், இரண்டிலும் ஆல்மாதான். வயல் அழகு, ஒளி அழகு, ஒவ்வொரு காட்சியும் இருளில் மெல்லக் கரைந்து மறைவதும் அழகு. அந்த அழகுக்குள் டில்லி மூச்சுத்திணறிக் கிடக்கிறாள். பிரிட்டிஷ் சினிமாவின் விறைப்பு என்று சொல்லப்படுவது ஹெப்வர்த் போன்றவர்கள் கண்ணியத்துக்கு ஆசைப்பட்டுப் பின்னால் பூட்டிய விலங்கு. அதைப் பிறவிக்குணம் என்று சாதிப்பதுதான் தவறு.

1924இல் ஹெப்வர்த்தின் நிறுவனம் திவாலானது. படச்சுருள்களின் மூலப்பிரதிகள் விற்கப்பட்டு, விமானச் சிறகுக்குப் பூசும் மெருகெண்ணெய்க்காக உருக்கப்பட்டன. சாட்சியங்களை அழித்துவிட்டுக் குற்றம் சாட்டுவது எளிது. ஆல்மா பின்னாளில் பெயர்கூடப் போடாத சிறு வேடங்களில் வந்துபோனார், 1974இல் காலமானார்.

ஆனால் டில்லிக்கு வாரிசு இருந்தாள். 1921இல் ஜார்ஜ் பியர்சன் இயக்கிய ‘ஸ்குவிப்ஸ்’ படத்தில் லண்டன் தெருவில் பூ விற்ற பெட்டி பால்ஃபோர், அதே வாய்த்துடுக்கோடு நாட்டின் முன்னணி நட்சத்திரமானார். தொலைந்துபோனதாக நம்பப்பட்ட அவருடைய ‘லவ், லைஃப் அண்ட் லாஃப்டர்’ (1923) நெதர்லாந்தில் கிடைத்ததை 2014இல் அறிவித்தார்கள். 1928இல் ஹிட்ச்காக்கே அவரை வைத்து ‘ஷாம்பெயின்’ எடுத்தார். அதை ஹிட்ச்காக்கின் சுமாரான படம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒருமுறை அதைப் பால்ஃபோரின் படமாகப் பார்க்கட்டும். அந்தக் குறும்பு ஹிட்ச்காக் கற்றுக்கொடுத்து வந்ததல்ல. அவர் படம் எடுக்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வால்டன் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது.